டைனோசர் பொம்மைக்கு மார்க் போடுவது எப்படி?

போன வருஷம் என்னிடம் இருக்கும் டைனோசர் பொம்மைகளுக்கெல்லாம் மார்க் போட்டு ஒரு பட்டியல் இங்கே வெளியிட்டிருந்தேன். மொத்தம் 38 பொம்மைகள், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று. போன மாதம் அதை எடுத்துவிட்டேன். "லிங்க் வேலை செய்யவில்லையே" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். லிங்க் நன்றாகத்தான் இருந்தது, பட்டியல்தான் பழுது. எங்கே தப்பு செய்தேன், இப்போது எப்படி மதிப்பிடுகிறேன் என்பதை எழுதிவைப்பது நியாயம் என்று தோன்றியது.

முதலில் ஒரு சின்ன முன்கதை. பொம்மை வாங்க ஆரம்பித்தது மகனுக்காக. அவன் டைனோசரிலிருந்து கிரிக்கெட்டுக்குப் போய் நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. நான்தான் டைனோசரிலேயே நின்றுவிட்டேன். வாங்கியதை ஒழுங்குபடுத்த ஒரு எக்ஸெல் ஷீட். ஷீட் இருந்தால் காலம் வேண்டும், காலம் இருந்தால் எண் வேண்டும். எலும்பமைப்புக்கு 40, நிற்கும் தோரணைக்கு 20, தோலுக்கு 20, பெயிண்டுக்கு 10, அளவு விகிதத்துக்கு 10 என்று பிரித்தேன். இன்றைய ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பொம்மையின் விரலையும் பல்லையும் எண்ணினேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மனிதன் லென்ஸ் வைத்து பிளாஸ்டிக் கால்விரலை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பட்டியல் வந்த பிறகு கல்லூரி நண்பன் ஒருவன் கூப்பிட்டான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்குப் போனவன், திருச்சி பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறான். "டேய், ஸ்கூல் லேபுக்கு டைனோசர் பொம்மை பத்து வாங்கணும். அஞ்சாயிரம் ரூபா இருக்கு. நீதான் பெரிய ஆளாச்சே, லிஸ்ட் கொடு" என்றான். என் பட்டியலின் முதல் பத்தை அப்படியே அனுப்பினேன். கூட்டினால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் வந்தது. "ஒரு பொம்மை ரெண்டாயிரத்து ஐநூறாடா? சரி, இங்க கடையில ஒரு பாக்கெட் நூத்தம்பது ரூபாய்க்கு விக்கிறானே, பன்னெண்டு பொம்மை இருக்கு, அது எப்படி?" என்று கேட்டான். "அதெல்லாம் குப்பை. பசங்களுக்குத் தப்பா சொல்லிக்கொடுக்கும். வாங்காதே" என்றேன்.

ரெண்டு மாசம் கழித்து என்ன ஆச்சு என்று விசாரித்தேன். "அந்தப் பணத்துல மேப் வாங்கிட்டோம்டா" என்றான்.

ஆக, என் மதிப்பீட்டின் நிகர விளைவு என்னவென்றால், ஒரு லேபில் பத்து டைனோசர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அந்த ஷீட்டை மறுபடியும் திறந்து, நான் போட்ட மார்க்குகள் எதை அளக்கின்றன என்று பார்த்தேன்.

பொம்மைக்கும் ரிலீஸ் தேதி உண்டு

முதலில் கண்ணில் பட்டது இரண்டு டி. ரெக்ஸ்கள். ஒன்று, அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1988-ல் தொடங்கிய கார்னகி வரிசையில் வந்தது. இன்னொன்று அதே சஃபாரியின் வைல்டு சஃபாரி வரிசையில் 2017-ல் வந்தது. டக் வாட்சன் என்ற சிற்பி செய்த, உடம்பெல்லாம் இறகு போர்த்திய டி. ரெக்ஸ். கார்னகிக்கு நான் போட்டது 31. இறகுக்காரருக்கு 68.

கார்னகி டி. ரெக்ஸ் நிமிர்ந்து நிற்கும், வால் தரையில் படிந்திருக்கும். கங்காரு உட்கார்ந்த மாதிரி என்று சொல்லலாம். இன்றைக்கு எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இது தப்பு என்று சொல்லும். முதுகு தரைக்கு இணையாக, வால் பின்னால் நீட்டி, இடுப்பு நடுவில் தராசு முள் மாதிரி இருக்க வேண்டும். லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நியூமேன் 1970-லேயே டி. ரெக்ஸின் நிலை பற்றி ஒரு கட்டுரை எழுதி, நிமிர்ந்து வாலை இழுத்து நடக்கும் உருவத்தைக் கேள்வி கேட்டுவிட்டார். 1975-ல் பாப் பேக்கர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய பிறகு, டைனோசர் என்றால் மந்தமான பல்லி என்ற எண்ணமே ஆட்டம்கண்டது. அப்படியானால் 1988-ல் வந்த பொம்மை ஏன் நிமிர்ந்து நின்றது?

காரணம் எளிது. கார்னகி அருங்காட்சியகத்தில் இருந்த டி. ரெக்ஸ் எலும்புக்கூடே அன்றைக்கு அப்படித்தான் நின்றது. அது சாதாரண எலும்புக்கூடும் இல்லை. 1905-ல் ஆஸ்போர்ன் டைரனோசாரஸ் ரெக்ஸ் என்று பெயர் வைத்தபோது எதைப் பார்த்து வைத்தாரோ, அதே மூல மாதிரி. நியூயார்க்கில் இருந்ததை 1941-ல் கார்னகி விலைக்கு வாங்கியது. 2000-களின் பின்பாதியில் அரங்கையே புதுப்பித்தபோதுதான் அதன் முதுகு கிடைமட்டத்துக்கு வந்தது. எலும்பைக் கழற்றி மறுபடி மாட்டுவது கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் வேலை, ஆய்வுக் கட்டுரை வந்த மறுநாளே நடக்காது. நம் ஊர் சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், கோடு எழுதியவர் கொடுத்த ஸ்பெக்கைத்தான் எழுதினார். ஸ்பெக்தான் பழசு.

இப்போது இறகுக்காரர். சீனாவில் 2004-ல் டைலாங், 2012-ல் யூடிரானஸ் என்று டி. ரெக்ஸின் உறவினர்கள் இறகு இழைகளோடு கிடைத்தார்கள். யூடிரானஸ் கிட்டத்தட்ட 9 மீட்டர் நீளம். இவ்வளவு பெரிய உறவினருக்கே இறகு இருந்ததென்றால் டி. ரெக்ஸுக்கும் இருந்திருக்கலாம் என்பது அன்றைக்கு ஒழுங்கான ஊகம். அதை நம்பி வாட்சன் செய்தார். பொம்மை வந்த அதே 2017-ன் ஜூனில் பெல்லும் மற்றவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டி. ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளில் தோல் பதிவுகள் கிடைத்திருக்கின்றன, எல்லாம் செதில். இறகு இருந்திருந்தாலும் முதுகின் மேல்பக்கத்தில் மட்டும்தான் இருந்திருக்கும் என்றார்கள். பொம்மை கடைக்கு வந்து சில மாதங்களில் பழசாகிவிட்டது.

இரண்டுமே இன்றைக்குத் தப்பு. ஆனால் என் ஷீட்டில் ஒன்று 31, ஒன்று 68. ஏன்? இறகுக்காரரின் எலும்பமைப்பு இன்றைய அறிவுக்கு நெருக்கம், அவ்வளவுதான். அதாவது நான் அளந்தது சிற்பியின் திறமையை இல்லை, எந்த வருஷத்தில் வந்தது என்பதை. ஷீட் முழுக்க இதே கதை. மார்க்கையும் வெளிவந்த வருஷத்தையும் வைத்து ஒரு கிராஃப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் போகப் போக ஏறிக்கொண்டே போனது. வருஷத்தைச் சொன்னாலே மார்க் வந்துவிடும் என்றால் விமர்சகன் எதற்கு?

மூன்று வகைத் தப்பு

அதனால் தப்புகளை முதலில் பிரித்தேன். என் கணக்கில் இவை மூன்று வகை.

முதல் வகை, காலத்தால் வந்த தப்பு. பொம்மை வெளிவந்தபோது அதுதான் கிடைத்த அறிவு, பிறகு அறிவு மாறியது. இதற்கு ஸ்பைனோசாரஸை மிஞ்சிய உதாரணம் கிடையாது. ஜெர்மானியர் ஸ்ட்ரோமர் 1915-ல் எகிப்து எலும்புகளை வைத்துப் பெயரிட்டார். அந்த எலும்புகள் மியூனிக் நகரத்தில் 1944-ல் விழுந்த குண்டுவீச்சில் அழிந்தன. பிறகு பல பத்தாண்டுகள் எல்லோரும் படத்தையும் உறவுக்கார விலங்குகளையும் வைத்துத்தான் செய்தார்கள். 2014-ல் இப்ராகிம் குழு புது எலும்புகளை வைத்து, பின்னங்கால்கள் ரொம்பக் குட்டை, நிலத்தில் நான்கு காலில் நடந்திருக்கலாம் என்றது. நான்கு கால் ஸ்பைனோசாரஸ் பொம்மைகள் வந்தன. 2020-ல் அதே குழு துடுப்பு மாதிரி உயரமான வாலைக் காட்டியது. முந்தின பொம்மைகளின் வாலெல்லாம் காலி. 2022-ல் செரினோ குழு, இல்லை, இரண்டு காலில்தான் நடந்தது என்றது. இந்த ஓட்டத்தில் 2015-ல் ஒருவர் நான்கு கால் பொம்மை செய்திருந்தால் அவரைக் குறை சொல்வது அபத்தம். அவர் அன்றைய கட்டுரையைப் படித்திருக்கிறார் என்பதற்கு அந்தப் பொம்மையே சாட்சி. முன்பு 42 போட்டிருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

இரண்டாவது, கவனக்குறைவால் வந்த தப்பு. பொம்மை வந்த வருஷத்திலேயே தெரிந்திருந்த விஷயம், பார்க்கவில்லை. டெரனோடான் என்ற பறக்கும் ஊர்வனவுக்கு மார்ஷ் 1876-ல் பெயர் வைத்தார். பெயரின் அர்த்தமே பல்லில்லாத இறக்கை. ஆனாலும் அதன் அலகில் வரிசையாகப் பல் வைத்த பொம்மைகள் இன்றைக்கும் வருகின்றன. பெயரை மொழிபெயர்த்துப் பார்த்திருந்தாலே போதும்! அதே மாதிரி நீளக் கழுத்து ஸாரோபாட்களின் முன்னங்கால். யானைக் கால் மாதிரி ஐந்து நகம் வைத்துவிடுவார்கள். நிஜத்தில் டிப்ளோடோகஸ் வகைகளுக்கு முன்காலில் கட்டைவிரல் நகம் ஒன்றுதான் உண்டு, பின்காலில் மூன்று. டைட்டனோசார்களில் பலவற்றுக்கு முன்காலில் அந்த ஒரு நகமும் இல்லை. கடையில் ஒரு ஸாரோபாட் பொம்மையை எடுத்தால் முதலில் முன்னங்காலைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் டைனோசரைப் பார்த்தாரா, யானையைப் பார்த்தாரா என்று ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

சில தப்புகள் முதல் வகையா இரண்டாவதா என்று சொல்ல வருஷம் பார்க்க வேண்டும். டி. ரெக்ஸின் கைவிரல் அப்படி ஒன்று. நியூயார்க்கில் 1915-ல் நிறுத்திய எலும்புக்கூட்டுக்கு மூன்று விரல் வைத்தார்கள், ஏனென்றால் கை கிடைக்கவில்லை. நெருங்கிய உறவான கோர்கோசாரஸுக்கு இரண்டு விரல்தான் என்று 1914-லேயே தெரியும். டி. ரெக்ஸின் சொந்தக் கை 1988-ல் கண்டெடுத்த எலும்புக்கூட்டில்தான் முழுசாகக் கிடைத்தது. ஆகவே 1950-களின் மூன்று விரல் பொம்மை மன்னிக்கலாம். 2010-ன் மூன்று விரல் பொம்மை கவனக்குறைவு. ஒரே தப்பு, இரண்டு தீர்ப்பு.

மூன்றாவது, பொருளால் வந்த தப்பு. இதைத்தான் நான் அடியோடு மறந்திருந்தேன். இரண்டு கால் டைனோசர் நிஜத்தில் தசையாலும் நரம்பாலும் சமநிலை காத்தது. பொம்மைக்கு அது கிடையாது. கனமான தலை, நீண்ட வால், நடுவில் பென்சில் மாதிரி இரண்டு கணுக்கால். நிற்க வேண்டுமென்றால் பாதத்தைப் பெரிதாக்கு, வாலைத் தரையில் ஊன்று, இல்லை கீழே ஒரு தட்டு வை. வேறு வழியில்லை. பாதம் பெரிசாக இருக்கும் பொம்மைகளை நான் "ஜோக்கர் ஷூ" என்று கிண்டல் செய்து 10 மார்க் வெட்டியிருந்தேன். அப்புறம் சென்னை மே மாதம் வந்தது. மேல் தட்டில் நிறுத்தியிருந்த மெலிந்த கால் டைனோசர்கள், மார்க் அதிகம் வாங்கியவைதான், ஒவ்வொன்றாக முன்னால் சாய்ந்தன. பிவிசி சூட்டில் இளகும். கணுக்கால் வளைந்து மூக்கு அலமாரியைத் தொட்டது. ஜோக்கர் ஷூக்காரர்கள் மட்டும் அசையாமல் நின்றார்கள். (சாய்ந்தவற்றை நிமிர்த்த வழி உண்டு. காலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, இளகியதும் நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்கிவிடுங்கள். அடுத்த மே வரை தாங்கும்.)

பாதத்தைப் பெரிதாக்கியவர் எலும்பு தெரியாதவர் இல்லை. ஒரு குழந்தை தரையில் வைத்தால் விழாமல் நிற்க வேண்டும் என்பதையும் ஸ்பெக்கில் சேர்த்துக்கொண்டவர். இதைத் தப்பு என்று எழுதிவைக்கலாம், ஆனால் மார்க் வெட்டக் கூடாது.

சினிமாவைப் பார்த்து எழுதிய பரீட்சை

இந்த மூன்றிலும் அடங்காத ஒன்று இருக்கிறது. பிரான்சின் பாப்போ நிறுவனம் 2005-ல் டைனோசர் வரிசை தொடங்கியது. அந்த டி. ரெக்ஸைக் கையில் எடுத்த யாரும் உடனே கீழே வைக்க மாட்டார்கள். தோலின் ஒவ்வொரு மடிப்பும், கண்ணுக்கு மேல் உள்ள முகடும், தாடை அசையும் விதமும் அப்படி. கைவேலை என்று பார்த்தால் அதே விலையில் அன்றைக்கு இதற்கு ஈடு இல்லை. ஆனால் இந்த முகத்தை நாம் ஏற்கனவே பார்த்திருக்கிறோம். 1993-ல் வந்த ஜுராசிக் பார்க்கில். எலும்பைப் பார்த்துச் செய்ததை விட, எலும்பைப் பார்த்துச் செய்தவரைப் பார்த்துச் செய்தது மாதிரி இருக்கிறது.

டி. ரெக்ஸில் இதனால் பெரிய நஷ்டமில்லை, அது செதிலோடு இருப்பது 2005-லும் சரி, இன்றும் சரி. நஷ்டம் வெலாசிராப்டரில். 2000-களின் நடுவில் பாப்போ செய்ததும் படத்தில் வருவது மாதிரியே வழுக்கைத் தோல். ஆனால் அதற்குள் வெலாசிராப்டரின் குடும்பத்தில் சைனார்னிதோசாரஸ், மைக்ரோராப்டர் என்று இறகோடு கிடைத்து, உலகம் முழுக்கச் செய்தியாகியிருந்தது. 2007-ல் வெலாசிராப்டரின் முன்கை எலும்பிலேயே இறகு பொருந்தும் முடிச்சுகளைக் காட்டிவிட்டார்கள். நிஜ வெலாசிராப்டரின் உடம்பு ஒரு வான்கோழி அளவுக்கு மேல் இராது.

இங்கே குறை எதுவென்று சரியாகச் சொல்ல வேண்டும். சினிமாப் பொம்மை செய்வது குற்றமில்லை. நன்றாகச் செய்த சினிமாப் பொம்மையை நானே ஆசையாக வாங்குவேன். பிராணியின் அறிவியல் பெயரை மட்டும் ஒட்டி, இதுதான் அந்த விலங்கு என்கிற மாதிரி விற்பதுதான் குறை. கைவேலை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவுக்கு அந்த உருவம் நம்பவைக்கும். ஒரு மோசமான பொம்மையை யாரும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அழகான தப்புதான் நிலைக்கும். என் பழைய ஷீட்டில் பாப்போ ராப்டருக்கு 61 போட்டிருந்தேன், தோலின் நேர்த்திக்காக. அந்த மார்க் இப்போது என்னை உறுத்துகிறது.

தெரியாததை என்ன செய்வது?

நிறத்துக்கு 10 மார்க் வைத்திருந்தேன் அல்லவா, அதிலும் ஒரு பாடம். இங்கிலாந்தின் லெஸ்டர் பக்கத்து இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் 1974 முதல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஒரு வரிசை செய்தது. 1970-களில் மாஸ்டர்மைண்ட் என்ற விளையாட்டை உலகம் முழுக்க விற்றார்களே, அவர்களேதான். எல்லாம் 1:45 அளவு. அதனால் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் எது எவ்வளவு பெரிது என்று கண்ணாலேயே தெரியும். ஒவ்வொன்றும் ஒரே நிறப் பிளாஸ்டிக், பெயிண்ட் கிடையாது. என் ஷீட்டில் பெயிண்டுக்குப் பூஜ்யம்.

இப்போது யோசித்தால் அதுதான் அந்த வரிசையின் நேர்மை. 1974-ல் எந்த டைனோசரின் நிறமும் யாருக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லாமல் விட்டார்கள். செலவு மிச்சம் என்பதும் காரணமாக இருந்திருக்கலாம், இருக்கட்டும். ஒரே நிறத்தில் இருக்கும்போது கண் தானாக வடிவத்துக்குப் போகிறது. இறகு இழைகளில் இருந்த நிறமித் துகள்களை வைத்து சைனோசாரோப்டெரிக்ஸின் வால் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது என்று சொன்னது 2010-ல்தான். இன்றைக்கு அந்த ஒரு பிராணியைப் பச்சையாகப் பெயிண்ட் அடித்தால் அது கவனக்குறைவு. ஆனால் டி. ரெக்ஸைப் பச்சையோ பழுப்போ எதுவாக அடித்தாலும் அதற்கு மார்க் போட என்னிடம் விடைத்தாள் கிடையாது. கிடையாத விடைத்தாளை வைத்துத்தான் 38 பொம்மைக்கும் நிற மார்க் போட்டிருந்தேன்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே இதைவிடக் கஷ்டமான கேஸ் இருக்கிறது. குஜராத்தின் ரஹியோலியில் தோண்டியெடுத்த ராஜாசாரஸ் 2003-ல் பெயர் பெற்றது. மண்டையின் பின்பகுதி, முதுகெலும்புகள், இடுப்பு, கால், வால் என்று கிடைத்திருக்கிறது. மூஞ்சியின் முன்பகுதி இல்லை. நெற்றியில் ஒரு தாழ்ந்த கொம்பு உண்டு. ஆகவே எந்த ராஜாசாரஸ் பொம்மையை எடுத்தாலும் கொம்பு ஆதாரத்தோடு இருக்கலாம், மூக்கு கடன் வாங்கியது. பொதுவாக மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் மாதிரியான உறவுக்காரரிடம் வாங்குவார்கள். அது நியாயமான கடன்தான். எங்கே கடன் வாங்கினார்கள் என்று வாங்குபவருக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது.

அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்ததாகச் சொல்லி 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் பெயர் வைத்த பிருஹத்காயோசாரஸ் இன்னும் ஒரு படி மேலே. முதலில் அதை இரண்டு கால் ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். 1990-களில் அது தாவரம் தின்னும் ஸாரோபாட் என்று மாறியது. கிடைத்த எலும்புகளோ சிதைந்து போய்விட்டன, இப்போது கோட்டுச் சித்திரங்களும் அளவுகளும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். 1988-ல் ஒருவர் இதற்குப் பொம்மை செய்திருந்தால் கூர்ப்பல்லோடு இரண்டு காலில் நிற்கவைத்திருப்பார். இன்று செய்பவர் நீளக் கழுத்தோடு நான்கு காலில் நிறுத்துவார். இரண்டு பேருமே ஒழுங்காகப் படித்தவர்களாக இருக்கலாம். இதற்கு நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

நூற்றைம்பது ரூபாய்ப் பாக்கெட்

சரி, நண்பன் கேட்ட பாக்கெட்டுக்கு வருவோம். நல்ல பொம்மைகள் நமக்கு விலை கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் சுங்கவரி. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 முதல் பிஐஎஸ் முத்திரையும் கட்டாயம். உள்நாட்டுத் தொழிலுக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் அது தேவையா என்பது வேறு விவாதம். சேகரிப்பவருக்கு என்ன ஆகிறதென்றால், துல்லியம் என்பது பணம் இருப்பவருக்கான சரக்காகிவிடுகிறது. என் பட்டியல் அதற்கு மேல் ஒரு முத்திரை குத்தியது.

பெயர் தெரியாத பாக்கெட் பொம்மைகளை எல்லோருமே குப்பை என்று ஒதுக்கவில்லை. 1970-களின் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ் என்பவர் தன் விளையாட்டுக்குப் பூதங்கள் தேவைப்பட்டு, ஹாங்காங்கில் செய்த ஒரு மலிவுப் பிளாஸ்டிக் பாக்கெட்டை வாங்கினார். 'வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்' என்று பெயர், உள்ளே இருந்தது எதுவும் எந்தக் காலத்திலும் பூமியில் நடமாடாதவை. அவற்றைப் பார்த்துப் பிறந்தவைதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ரஸ்ட் மான்ஸ்டர், புலெட், அவுல்பேர். துல்லியத்தில் பூஜ்யம் வாங்கியிருக்கும் பாக்கெட் ஒன்று ஐம்பது வருஷமாக ஆட்களை விளையாட வைத்துக்கொண்டிருக்கிறது.

நான் நண்பனுக்கு மறுபடி போன் போட்டேன். முதலில் "நான் சொன்னது தப்புடா" என்றேன். "எது, மேப் வாங்கினதா?" என்றான். அடுத்த தடவை பணம் வந்தபோது ஒரு நல்ல ஸாரோபாட்டும் பாக்கெட் நாலும் வாங்கச் சொன்னேன், பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு. நல்ல பொம்மையை மேஜையில் வைத்துவிட்டுப் பாக்கெட்டைக் குழந்தைகளிடம் கொடுத்து ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாடத்திட்டம்.

நான் போயிருந்தபோது ஒரு வகுப்பு நடந்தது. முன்னங்கால் நகத்தை மூன்று பேர் உடனே கண்டுபிடித்தார்கள். முதுகில் பாய்மரத்தோடு இருந்த டைமெட்ரோடான் டைனோசரே இல்லை, டைனோசர்கள் வருவதற்குப் பல கோடி வருஷம் முன்பே அழிந்தது, பாலூட்டிகளான நமக்குத்தான் அது நெருங்கிய சொந்தம் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஏழாவது படிக்கும் ஒரு பெண் மட்டும், பாக்கெட்டில் இருந்த மூன்று விரல் டி. ரெக்ஸைக் காட்டி, "சார், இந்த அச்சு செஞ்சவருக்கு ரெண்டு விரல்னு தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி வர 38 பொம்மையும் ஒரு கோடைகாலமும் ஆயிற்று. அச்சு எந்த வருஷத்தது என்று பாக்கெட்டில் போடவில்லை, அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது என் ஷீட்டில் எண்கள் இல்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் நாலு வரி மட்டும் எழுதுகிறேன். எந்த வருஷம் வந்தது, அன்று என்ன தெரிந்திருந்தது? தெரிந்தும் கோட்டைவிட்டது எது? நிற்பதற்காகவும் உடையாமல் இருப்பதற்காகவும் விட்டுக்கொடுத்தது எது? யாருக்கும் தெரியாத இடத்தை எப்படி நிரப்பினார்கள், அல்லது நிரப்பாமல் விட்டார்கள்? கார்னகி டி. ரெக்ஸுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன். இரண்டாவது கேள்விக்கு "நிமிர்ந்த நிலை. 1970-லிருந்தே கேள்விக்குள்ளானது. ஆனால் சான்றளித்த அருங்காட்சியகத்தின் எலும்புக்கூடே அப்படித்தான் நின்றது" என்று வந்தது. 31 என்ற எண்ணில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

38 பொம்மைக்கும் எழுதி முடிக்க நாளாகும், இதுவரை 9 முடிந்திருக்கிறது. பழைய பட்டியலைப் பார்த்து யாராவது எதையாவது வாங்காமல் விட்டிருந்தால், அல்லது அலமாரியிலிருந்து தூக்கிப் போட்டிருந்தால், மன்னிக்கவும். தூக்கிப் போட்டது இன்னும் பரண் மேல் இருக்குமானால் இறக்கிவிடுங்கள். வயிற்றில் வருஷம் பொறித்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.